தமிழக ஏரிப் பாசன நிருவாகத்தில் நிலமற்றோர்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நீர் மேலாண்மை பற்றிய அரசு அறிக்கைகளிலும் ஆய்வுகளிலும் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தவறாது இடம்பெற்று வரும் தொடர் ‘மக்கள் பங்கேற்பு’ என்பதாகும். தமிழகத்தைப் பொறுத்தவரை இத்தொடருக்கு வரலாற்றுச் சான்று வேண்டும்போதெல்லாம் இரண்டு எடுத்துக்காட்டுகள் முன்வைக்கப் பெறுகின்றன. ஒன்று உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் ஏரி வாரியம், மற்றொன்று குடிமராமத்து. ஊரார் ஒன்றுகூடித் தம் ஏரியைத் தாமே காத்தனர் என்றும், ஆங்கிலேயர் ஆட்சியில் அம்மரபு சிதைந்தது என்றும், அதனை மீட்டெடுத்தால் போதும் என்றும் இவ்வாதம் செல்லும். நம் பள்ளிப் பாடநூல்களிலும் இக்கருத்தே பெரும்பாலும் எதிரொலிப்பதைக் காணலாம்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ‘ஊரார்’ என்னும் சொல் யாரைக் குறித்தது, யாரை விலக்கியது என்னும் வினா அதில் எழுவதே இல்லை. ஏரியின் மதகைத் திறந்து மூடியவர், கரையில் இரவுக் காவல் இருந்தவர், வண்டல் சுமந்தவர் ஆகியோரில் பெரும்பாலோர் நிலமற்றோர், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்கு ஏரி நிருவாகத்தில் எத்தகைய இடம் இருந்தது என்பதைச் சோழர் காலம் முதல் அண்மைக்காலச் சட்டங்கள் வரை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டு மேலாண்மை பற்றிப் பேசுவோர் இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு மேற்செல்ல இயலாது என்பது நம் கருத்து.

வாரியமும் கால் வேலியும்

முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு ஒன்றுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற விதி, இன்றைய உள்ளாட்சி மன்றங்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

எனினும் இக்கல்வெட்டைப் போற்றுவோர் தகுதி விதிகளை விரைந்து கடந்துவிடுகின்றனர். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமாயின், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். தன் மனையில் தானே கட்டிய வீடு வேண்டும். முதற் கல்வெட்டின்படி முப்பது முதல் அறுபது, இரண்டாவதன்படி முப்பத்தைந்து முதல் எழுபது வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும் என்று நிலத் தகுதி தளர்த்தப்படுகிறது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அதன் சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை. ஆகவே இவ்விதிகள் வியப்புக்குரியன அல்ல. வயிரமேகத் தடாகம் என்னும் அவ்வூர்ப் பேரேரியை மேற்பார்த்த அறுவரும் இத்தகுதிகளுக்கு உட்பட்டே அமர்ந்தனர் என்பதே ஈண்டுக் குறிக்கத்தக்கது.

ஏரிப் பராமரிப்புக்கு ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டதையும், ஏரி ஆயம் தண்டப்பட்டதையும், ஓடங்களைக் கொண்டு ஏரியின் மண் எடுக்கப்பட்டதையும் பல்லவ, சோழ காலக் கல்வெட்டுகளால் அறிகிறோம். கொடையளித்தவர் பெயர் கல்லில் உள்ளது. ஓடத்தில் மண் வாரியவரின் குரல் அக்கல்லில் இல்லை. கல்வெட்டு என்பது உரிமையையும் கொடையையும் பதிய எழுந்த ஆவணமாதலின், அதில் அக்குரலை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. அவ்வகையில் இலக்கியம் சற்று இரக்கமுடையது எனலாம். மழை பெய்யும் இரவில் பெருங்குளத்தைக் காப்பவன் உறங்காதிருத்தலை, மகளைக் காத்து விழித்திருக்கும் தாய்க்கு உவமையாக்குகிறது அகநானூற்றுப் பாடலொன்று. குளங்காவல் ஒரு தனித்தொழிலாகச் சங்க காலத்திலேயே அறியப்பட்டிருந்தது என்பதற்கு அவ்வுவமை போதிய சான்று.

மதகுக்கு உரியவர்

அக்காவலனின் பிற்காலத் தொழில்வழி வந்தோரே நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன், மடைக்குடும்பன், கம்புகட்டி, நீராணிக்காரர் என வட்டாரந்தோறும் பல பெயர்களால் வழங்கப்பெற்றோர். ‘மடையன்’ என்ற வசைச்சொல் இவர்களைக் குறித்தே தோன்றியது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். மடமை என்னும் பண்பின் அடியாகப் பிறந்த சொல் வேறு; மடை என்னும் நீர்வாயிலின் அடியாகப் பிறந்த சொல் வேறு. இரண்டும் ஒலியால் ஒன்றியவை. வசையின் தோற்றம் எதுவாயினும், நுட்பம் மிக்க ஒரு தொழிலின் பெயர் இன்று பெருமையுடன் சொல்லப்பட இயலாததாகிவிட்டது என்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் உணர்ந்திருப்பர்.

இவர்தம் பணியைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். மழைக்காலத்தில் வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்கி ஏரிக்கு நீர் கொணர்வது முதற்பணி. ஏரி பெருகும்போது கரையைச் சுற்றி வந்து, நண்டு வளையும் எலி வளையும் பெரிய உடைப்பாக மாறுமுன் அடைப்பதும், கலிங்கில் நீர் வழியும் அளவைக் கவனிப்பதும், உடைப்பு நேருமாயின் தமுக்கு அடித்து ஊரைக் கூட்டுவதும் அவர்தம் கடமை. பழைய குமிழித் தூம்புகளில் மதகைத் திறக்க வேண்டுமாயின் ஏரிக்குள் நீந்திச் சென்று, மூழ்கி, துளையை அடைத்திருக்கும் கல்லையோ கட்டையையோ அகற்ற வேண்டும். நீர் உள்ளிழுக்கும் விசையில் சிக்கி இறந்தோர் பற்றிய கதைகள் தென்மாவட்டக் கண்மாய்க் கரைகளில் வழங்குகின்றன. அக்கரைகளில் காவல் தெய்வங்கள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இவற்றினும் அரியது பங்கீடு. ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் உழவர் அவரவரே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிக் கொள்வர். நீர் குறையத் தொடங்கியதும் முறை வைக்கப்படும். முறை வைத்தபின் நிலவுடைமையாளர் எவரும் வாய்க்காலில் மண்வெட்டியை வைத்தலாகாது. நீர்க்கட்டியே வயல்வயலாகப் பாய்ச்சுவார். மதகுக் கல்லில் நீர் நிற்கும் மட்டத்தைக் கொண்டு இன்னும் எத்தனை நாளைக்கு நீர் தாங்கும், எந்த வயலின் மண் விரைவில் வெடிக்கும், கடைமடைக்கு எத்தனை நாழிகை விட வேண்டும் என்பனவற்றை அவர் அறிவார். இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாமல் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

பல ஊர்களில் இப்பணி ஆயக்கட்டில் நிலம் இல்லாத ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களிடமே விடப்பட்டிருந்தது. அதற்கு ஊரார் கூறும் காரணம் நுட்பமானது. சொந்த வயல் உடையவர் தம் வயலுக்கே முதலில் நீரைத் திருப்புவார். வயல் இல்லாதவருக்கு அத்தகைய சார்பு இல்லை. எனவே அவரை நம்பலாம் என்பதே அது. இக்கட்டுரையின் மையம் இங்கேதான் உள்ளது. நிலமின்மையே நீரைப் பங்கிட அவருக்குத் தகுதியாக அமைந்தது. அதே நிலமின்மைதான் எந்தப் பயிர் செய்வது, எப்பொழுது மதகைத் திறப்பது, ஏரி வருவாயை எவ்வாறு செலவிடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவருக்கு இருக்கை இல்லாமற் செய்தது. வறட்சிக் காலத்தில் ஊரின் செல்வர் அனைவரும் அவர் கையை எதிர்நோக்கி நின்றனர். கூட்டத்திலோ அவர் அழைக்கப்பட்டால் வந்து நின்று விடை கூறுபவராக மட்டுமே இருந்தார்.

ஊதியம் களத்து நெல்லாக வழங்கப்பட்டது. பங்கிடப்படாத மொத்த விளைச்சலிலிருந்து கோயில், ஏரி, கணக்கர், கொல்லர், வண்ணார், வெட்டியான் முதலிய பல்வகையினருக்கும் பகுதி ஒதுக்கப்பட்டதைச் செங்கற்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு நடத்திய கணக்கெடுப்பு விரிவாகக் காட்டுகிறது. மேரை, சுதந்திரம், மானியம் எனப் பல பெயர்கள் இவற்றிற்கு உண்டு. இம்முறையைச் சமத்துவத்தின் சான்றாகக் காண்போரும் உளர். ஒதுக்கீடு உரிமையாக இருந்தது என்பது மெய். அவ்வுரிமை சாதித் தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதும் மெய். ஏரிக் காவலோடு பறையடித்தலும் இறந்த மாடு அகற்றலும் ஒரே குடும்பத்தின் கடமைகளாக இருந்த ஊர்களில், நீர்க்கட்டியின் மேரையை மட்டும் தனியே பிரித்துப் பாராட்டுதல் இயலாது.

மதுராந்தகம் ஏரியை ஈண்டு நினைத்தல் தகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சாகீர் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவில் இராமபிரான் கரையைக் காத்து நிற்கக் கண்டதாக ஒரு கதை வழங்குகிறது. ஏரிகாத்த இராமர் என்ற பெயரும் அக்கோயிலுக்கு அதனால் நிலைத்தது. துரையின் பெயர் அக்கோயிற் கல்லிலும் உள்ளது. அன்றிரவு கரையில் மண்மூட்டை சுமந்தோர் இருந்திருப்பர் என்பதை எண்ணக் கதை இடந்தரவில்லை.

சட்டம் கண்ட குடிமராமத்து

இரயத்துவாரி முறை வேரூன்றிய பின்னர் விளைச்சலிலிருந்து ஏரிக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகள் அரசிறையோடு கலந்தன. மானியங்கள் பல மீட்கப்பட்டன. ஏரிகள் தூர்ந்தன. 1852ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பொதுப்பணி ஆணைய அறிக்கை பாசன அமைப்புகளின் சீர்கேட்டை வெளிப்படுத்தியது. அரசு அதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். குடிமராமத்துச் சட்டம் என்று வழங்கப்படினும் அதன் முறையான பெயர் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்பதாகும். பெயரே பொருளை உணர்த்துகிறது.

இச்சட்டத்தில் இரு கூறுகள் உள. கரை உடையும் இடர் நேரும்போது அருகில் வாழும் ‘உழைக்கும் வகுப்பைச்’ சேர்ந்த உடல்வலியுள்ள ஆண்களை அதிகாரிகள் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்பது ஒன்று. வழக்கப்படி ஊரார் கூட்டாகச் செய்து வந்த மராமத்துக்கு ஆள் தரத் தவறுவோரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு தண்டலாம் என்பது மற்றொன்று. முதற்கூறு வலிமையற்றவர் உடலின் மேல் சென்றது. இரண்டாம் கூறு நிலமுடையோர் மேல் செல்ல வேண்டியது. அதை நடைமுறைப்படுத்துவதுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் வருவாய்த் துறைக்குத் தீராத தொல்லையாக இருந்தது. எந்த வழக்கம், யாரைக் கட்டுப்படுத்தும் என்று மெய்ப்பித்தல் எளிதாக இல்லை. 1883இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஏரிகளை அளந்து வரைபடமாக்கியது. யார் உழைப்பது என்ற சிக்கலை அது தீர்க்கவில்லை.

குடிமராமத்து என்பது தன்னார்வக் கூட்டுறவின் பொற்காலம் என்று கருதுவோர் இச்சட்டத்தின் பெயரையேனும் ஒருமுறை படித்தல் நலம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘நீரின் ஆட்சி’ என்ற பொருள்படும் ஆங்கில நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தன்னிறைவு பெற்ற ஊர்ச் சமுதாயம் என்பது காலனிய ஆட்சியும் பின்வந்த வளர்ச்சித் திட்டங்களும் தத்தம் தேவைக்கேற்ப வளர்த்துக்கொண்ட கருத்துரு என்றும், ஏரி எக்காலத்தும் ஆட்சியோடும் மரியாதையோடும் சாதியோடும் பிணைந்த களமாகவே இருந்தது என்றும் அவர் நிறுவுகிறார். அவருடைய முடிவுகளில் நமக்குப் பெரிதும் உடன்பாடே.

தண்ணீரைத் தொடும் உரிமை

மதகைத் திறக்கும் கை, அதே ஊரின் குடிநீர் ஊருணியைத் தொடலாகாது என்ற முரண் இருபதாம் நூற்றாண்டில்தான் அரசியல் வினாவாக எழுந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள் ஆகியவை ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச்சு 20ஆம் நாள், மராட்டியப் பகுதியின் மகாடு நகரில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்து நீரைப் பருகினர். அக்குளம் பொதுக்குளம் என்ற உரிமை நீதிமன்றத்தில் உறுதிப்பட 1937 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930, 1931 ஆண்டுகளில் ஆதிதிராவிடர் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளை ஹட்டன் எடுத்தெழுதியுள்ளார். பெண்கள் தண்ணீர் எடுக்க மண்பானையையே பயன்படுத்த வேண்டும், தலைச்சுமைக்குத் துணிச்சும்மாடு கூடாது, வைக்கோலே வைக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. மோஸ் ஆராய்ந்த கண்மாய்ப் பகுதியும் இம்மாவட்டமே. கூட்டுப் பாசனத்தின் நிலைக்களனாகப் போற்றப்படும் மண்ணில், பானையின் பொருளும் சும்மாட்டின் பொருளும் கூட விதிக்கு உட்பட்டிருந்தன.

இப்பின்னணியில்தான் ஒடுக்கப்பட்ட மக்கள் சாதிக் கடமைகளை மறுக்கத் தொடங்கியதை நோக்க வேண்டும். பறையடித்தலையும் பிணத்தொழிலையும் துறந்தோர் சில ஊர்களில் ஏரிப் பணியையும் உடன் துறந்தனர். இதனை ‘மரபறிவின் அழிவு’ என்று மட்டும் வருந்தி எழுதுதல் ஒருபக்கப் பார்வை. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி முறையில் வந்த தமிழருள் கணிசமானோர் இத்தகைய குடும்பங்களினின்றே வந்தனர் என்பதை இந்நாட்டு வாசகர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. வானம் பொய்த்ததும் வறுமையும் கடனும் அவர்களைக் கப்பலேற்றின. ஊர்க்கடமையினின்று விடுபடும் வேட்கையும் அவற்றோடு சேர்ந்திருக்கக்கூடும்.

சங்கமும் வாக்கும்

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1948ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டத்தால் சமீன் ஏரிகள் அரசின் கைக்கு வந்தன. தமிழகத்தின் ஏறத்தாழ 39,000 ஏரிகளுள் நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடையவை ஊராட்சி ஒன்றியங்களிடமும், பெரியவை பொதுப்பணித் துறையிடமும் விடப்பட்டன. கிணறும் மின்இறைப்பியும் பெருகின. கிணறுடையோர்க்கு ஏரியின் மேலுள்ள அக்கறை குறைந்தது. 1960களில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் எக்டேராக இருந்த ஏரிப்பாசனப் பரப்பு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்து இலட்சம் அளவுக்குச் சுருங்கியது. மேரை நின்றது, நீர்க்கட்டிக்கு நெல்லுக்குப் பதில் சிறுதொகை கிடைத்தது, அல்லது அதுவும் இல்லாமற் போயிற்று.

1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக உதவியுடன் ஏரிகள் நவீனப்படுத்தப்பட்டன. உழவர் சங்கம் என்ற எண்ணம் இக்காலத்தில் வலுப்பெற்றது. ஆந்திரம் 1997இல் இயற்றிய சட்டத்தை அடுத்துத் தமிழகமும் 2000ஆம் ஆண்டில் விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் என்பது அதன் அடிப்படை அலகு. பெயர் விரிவானது; ஆடு மாடுகளுக்கு நீர் காட்டுவோரும், மீன் பிடிப்போரும், துணி வெளுப்போரும், கரையில் கோரை அறுப்போரும் நீரைப் பயன்படுத்துவோரே ஆவர். ஆயின் வாக்குரிமை நிலப் பதிவேட்டைத் தழுவியே அமைந்தது. கால் வேலி என்ற அளவு மறைந்தது. கால் வேலியின் தருக்கம் மறையவில்லை. நிலம் பெரும்பாலும் ஆடவர் பெயரில் இருத்தலின் பெண்களும் பெருமளவில் வெளியே நின்றனர். உலக வங்கிக் கடனுதவியுடன் 2007இல் தொடங்கிய திட்டமும் இச்சங்கங்களையே கருவியாகக் கொண்டது.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990களில் தொடங்கி வளர்த்த வயலகங்களில் நிலமற்றோரையும் உறுப்பினராக்கும் முயற்சி நடைபெற்றது. நீர்க்கட்டிகளின் அறிவைத் தொகுக்கும் பணியும் அதனால் மேற்கொள்ளப்பட்டது. இங்கு நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. உறுப்பினராக்குதல் எளிது; ஏரியின் மீன் குத்தகைப் பணத்தை நிலமற்றோருக்கு எவ்வளவு, கரைக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போதுதான் உறுப்பினர் என்பதன் பொருள் தெளிவாகும். மதகின் முறையை எழுதிவைத்தது போலவே இப்பங்கையும் சங்க விதிகளில் எழுதிவைத்தாலன்றி, கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருப்போரின் குரலே முடிவாகும்.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழம்பெயரையே சூட்டி, நூறு கோடி ரூபாய்ச் செலவில் 1,519 பணிகளைத் தொடங்கியது. பயனாளிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ பத்து விழுக்காடு பங்களிக்க வேண்டும் என்பது விதி. பணியை ஏற்றவர் ஆயக்கட்டு உழவர் சங்கத்தினர். ‘பயனாளி’ என்ற சொல் மீண்டும் நிலமுடையோரையே குறித்தது. அதே ஆண்டுகளில் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்கீழ் தமிழகத்து ஏரிகளில் தூர்வாரும் பணி நடந்துகொண்டிருந்தது. மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கியோரில் பெரும்பான்மையர் பெண்கள். அவர்களுள் நிலமற்ற குடும்பத்தினர் பலர். அவர்கள் மண் எடுத்த ஏரியின் மதகு எந்நாளில் திறக்கப்படும் என்று முடிவு செய்த சங்கத்தின் வாக்காளர் பட்டியல், அவ்வூரின் பட்டா வரிசையைப் பார்த்து எழுதப்பட்டதாகவே இருந்தது.